அலை உடையும் இடத்தில் எங்கள் வளவு

1. கல்முனைக்குடிக் கடலோரத்தில் எங்களுக்கொரு தென்னை வளவு இருந்தது. குடியிருந்த வீடு என் மூத்தவள் ராத்தாவுக்குச் சீதனமாகப் போனபின், அந்த வளவு எனக்கென்று ஆனது.
2. நான் பல்கலைக்கழகத்தில் இருந்த வருடங்களில் கடல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டு போனது.
3. அங்கே நான் படித்தது, வானிலிருந்து செய்மதி எடுத்த படத்தில் தெரியும் அலைகளை வைத்துக் கடலின் ஆழத்தைக் கணிப்பது.
4. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பிடும்போது வாப்பா கேட்டார்: "மகள், நம்மட வளவு இப்ப எத்தின அடித் தண்ணிக்குள்ள கிடக்கு?"

சும்மா கேட்டதல்ல. ராத்தா தன் வீட்டு வளவில் பாதியை எனக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். வாப்பாவுக்கு அதில் மனமில்லை. கடலோரத்தில் ஆழம் குறைவென்றால் மண் திரும்பிவந்து சேரும், மூத்தவளின் காணியைக் கூறுபோட வேண்டியதில்லை என்று நம்பியிருந்தார்.

கரையை நெருங்க நெருங்க அலை மெதுவாகும். அலைக்கும் அலைக்கும் இடைவெளி குறுகும். அதிலிருந்துதான் ஆழத்தைக் கணிக்கிறோம். தூரத்து ஆழ்கடலில் அலைக்கு அடிநிலம் தட்டாது. அங்கே கணக்குப் பலிக்காது. கரையோரம் அலை உடைந்து நுரையாகும் இடத்திலும் பலிக்காது.

அன்றிரவு மூன்று படங்களைப் போட்டுப் பார்த்தேன். ஒன்று ஆளுயரம் என்றது, ஒன்று முழங்காலளவு என்றது. மூன்றாவதில் கடல் அசையாமல் கிடந்தது. கணிக்க அலையே இல்லை. அலை இருந்த இரண்டிலும் எங்கள் வளவு வெள்ளை நுரைக்குள் இருந்தது. அந்த வெள்ளையைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். குர்ஆன் படிக்கும் ஓதப்பள்ளி விட்டு வந்து ராத்தாவும் நானும் நண்டு துரத்திய இடம். உம்மா பாயில் நெத்தலி காயப்போட்டு, காகத்துக்குக் காவலாக எங்களை இருத்திய இடம். கடல் அத்தனை பக்கத்தில் இருந்தும் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்காது.

மறுநாள் சாப்பாட்டில் சொன்னேன்: "அந்த இடத்துக்கு இந்தக் கணக்குச் சரிவராது வாப்பா."

"இவ்வளவு படிச்சும் ஒரு விடை சொல்லேலாதா?"

ராத்தா கறிச்சட்டியை வைத்துக்கொண்டே சொன்னார்: "நெத்தலிக்கிட்டக் கேளுங்க வாப்பா. அதுகள்தானே இப்ப தங்கச்சிட வளவுல குடியிருக்கு."

உம்மா சிரித்துவிட்டார். வாப்பா சிரிக்கவில்லை.

"அப்ப மண் வரும் எண்டும் சொல்லேலா?"

"ஓம் வாப்பா. சொல்லேலா."

வாப்பா சோற்றைப் பிசைந்தார். "சரி. ராத்தாட வளவ அளக்க ஆளக் கூப்பிடுங்க."

இப்போது ராத்தாவின் வளவின் நடுவே வேலி இருக்கிறது. என் பக்கத்தில் அத்திவாரம் வெட்டியிருக்கிறோம். கடலோரக் காணியின் உறுதிப் பத்திரம் உம்மாவின் பெயரிலேயே இருக்கிறது. அதன் ஆழம் எனக்குத் தெரியாது; நான் வரைந்த கடலாழ வரைபடத்தில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது.