ஆட்சேபணை இல்லை

நீதிமன்ற வாசல் தேநீர்க் கடையில் தம் கிளாசுக்கு மட்டும் காசை வைத்துவிட்டு நகர்கிறார் வழக்கறிஞர் சிவனணைந்தபெருமாள். உடன் குடித்த கட்சிக்காரர் தம் டீக்குத் தாமே கொடுக்கவேண்டும்.

"கட்சிக்காரனுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்தா கோர்ட்டு இடிஞ்சா விழுந்துரும், வக்கீலய்யா?" என்கிறார் கடைக்காரர் ராஜதுரை.

"கோர்ட்டு நிக்கும் அண்ணாச்சி. நாந்தான் விழுந்துருவேன்."

வழக்குச் செலவுக்காகக் கட்சிக்காரருக்கு வழக்கறிஞர் கடன் கொடுக்கலாகாது என்பது பார் கவுன்சில் விதி. பணம் போட்டவன் தன் பணத்துக்காகவே வாதாடுவான் என்று அதற்கு இவர் பொருள் சொல்வார். விதியில் டீ இல்லை. அதை இவரே சேர்த்துக்கொண்டார். கட்டணத்தைக் குறைப்பார், தவணைக்கு ஒப்புவார், சிலரிடம் கேட்கவே மறப்பார். கொடுக்க மட்டும் கை நீளாது. விபத்து நடந்த இடத்துக்கு வெயிலில் போய், அளவு நாடாவைத் தாமே பிடித்துச் சாலையை அளப்பவர்.

சென்ற செவ்வாயன்று சாத்தான்குளத்திலிருந்து சுடலைச்செல்வி வந்தாள். தையல்காரி. மூன்றாண்டுகளுக்கு முன், துறைமுகச் சாலையில் கண்டெய்னர் லாரி மோதி வலக்கை நசுங்கிப்போனது. இழப்பீட்டு வழக்கில் மறுநாள் டாக்டர் சாட்சி. அவருக்குரிய படி மூவாயிரத்தை அன்றே கட்டியாகவேண்டும். தவறினால் டாக்டர் வரமாட்டார். கை போனதற்குச் சாட்சியம் இராது.

"கம்மலயும் அடகு வச்சாச்சுய்யா. வட்டிக்காரன் வாசல்ல நிக்காதங்கான். நீங்க குடுங்க, கேஸ் முடிஞ்சதும் தந்துருதேன்."

"நான் ஒன் வக்கீலு, செல்வி. தரக்கூடாது."

"பெறகு வக்கீலா இருந்து என்னத்துக்குய்யா?"

சிவனணைந்தபெருமாள் மேசை இழுப்பறையைத் திறந்தார். புதிய வக்காலத்துத் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு, அவளையும் அழைத்துக்கொண்டு, அடுத்த அறை வழக்கறிஞர் மெட்டில்டாவிடம் போனார்.

"இந்தக் கேஸ இனி நீ நடத்து. டாக்டர்ட்ட கேக்கவேண்டியதெல்லாம் கேஸ் கட்டுல எழுதி வச்சிருக்கேன்."

"மூணு வருசம் நீங்க அலைஞ்சிட்டு, ஃபீஸ் எனக்கா சார்?"

"ஃபீஸும் ஒனக்குத்தான். போடு கையெழுத்த."

மெட்டில்டா கையெழுத்திட்டார். சுடலைச்செல்வி, பழகிக்கொண்ட இடக்கையால், எழுத்தெழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். வழக்கு கைமாறுவதற்குப் பழைய வழக்கறிஞரின் ஒப்புதலாக, ஓரத்தில் 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதித் தேதியிட்டார் சிவனணைந்தபெருமாள்.

"என் கேஸ விட்டுட்டியளா ஐயா?" என்றாள்.

"விட்டாச்சு. இப்ப நான் ஒனக்கு வக்கீலு இல்ல."

கறுப்புக் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டினார். சட்டைப்பையிலிருந்து ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் ஆறை எடுத்து, அவள் இடக்கையில் வைத்து விரல்களை மூடினார்.