ஆஸ்பத்திரிக் கண்ணாடி முன்னால் ஒரு தலைப்பாகை

அய்யா உண்டு!

அன்புக்கொடி மக்களே, மெல்லப் பேசு, மெல்லப் பேசு என்று என் வீட்டுக்காரர் எந்நேரமும் சொல்லுவார். இந்த ஒரு விஷயத்தை மட்டும் என்னால் மெல்லச் சொல்ல முடியாது. நாங்கள் கூடிக் கும்பிடும் தாங்கலின் திருநாள் மலருக்கு எழுதித் தா என்று கேட்டார்கள். எழுத உட்கார்ந்தால் கை நிற்கமாட்டேன் என்கிறது. எங்கள் மகள் அகிலா பிழைத்துவிட்டாள்! இப்போது இதை எழுதும்போதும் வாசலில் யாரையோ விரட்டிக்கொண்டு ஓடுகிறாள். அவள் சத்தம் கேட்கிறது.

ஆனால் அன்று நாங்கள் இருந்த இருப்பைச் சொன்னால்தான் இந்தச் சந்தோஷம் உங்களுக்குப் புரியும்.

அஞ்சுகிராமத்துக்குப் பக்கம் எங்கள் வீடு. வீட்டுக்காரர் மினி லாரி ஓட்டுகிறவர். அகிலா அப்போது எல்.கே.ஜி. படித்தாள். கால் வலிக்கிறது என்று தூக்கச் சொல்லுவாள். ஊஞ்சலில் விழுந்திருப்பாள் என்று எண்ணெய் தடவிவிட்டேன். பிறகு காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. முகம் வெளுத்துப்போனது. இடித்துக்கொள்ளாமலே தொடையில் நீலம் நீலமாகக் கன்றியிருந்தது. நாகர்கோவிலில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் எங்களை மறுபடியும் உள்ளே கூப்பிட்டார். "இன்னைக்கே திருவனந்தபுரம் கொண்டுபோங்க" என்றார்.

ரத்தப் புற்றுநோய்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் காது அடைத்துவிட்டது. "சார், அப்போ காய்ச்சல் மருந்து குடுக்கணுமா, வேண்டாமா?" என்று கேட்டேன். பைத்தியக்காரி மாதிரி! என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். கல்யாணமாகி அன்றுதான் அவர் அழுததை முதல் தடவையாகப் பார்த்தேன்.

திருவனந்தபுரத்தில் பெரிய ஆஸ்பத்திரி. மருந்து ஏற ஏற, கெட்ட அணுவோடு நல்ல அணுவும் சேர்ந்து அழியும் என்றார் டாக்டரம்மா. அதனால் பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி சுத்தமாக இருக்காது. கொதிக்க வைத்த தண்ணீர்தான் குடிக்கணும். யாரும் கிட்டே வரக்கூடாது. ஒரு சின்ன கிருமி போதும், பிள்ளையைக் கொண்டுபோய்விடும். மலையாளமும் தமிழும் கலந்து அவர் சொல்லச் சொல்ல நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

பிறகு முடி கொட்டியது. தலையணையெல்லாம் முடி. ஒருநாள் பாத்ரூமில் மாட்டியிருந்த கண்ணாடியில் அகிலா தன்னைப் பார்த்துவிட்டாள். ஐயோ, அவள் போட்ட கூச்சல்! "அது நானில்ல! அந்தப் பையனப் போகச் சொல்லு!" என்று அலறினாள். அதிலிருந்து கண்ணாடியை மூடினால்தான் பாத்ரூமுக்குள் காலை வைப்பாள். நான் ஒரு துண்டை எடுத்துக் கண்ணாடி மேல் தொங்கவிட்டேன்.

வேறு வழிபாட்டில் உள்ளவர்களும் இந்த மலரைப் படிப்பார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் தாங்கலில் சிலை கிடையாது. பள்ளியறையில் இரண்டு விளக்குக்கு நடுவே ஒரு கண்ணாடிதான் உண்டு. போய் நின்றால் நம் முகம்தான் தெரியும். அய்யா உனக்குள்ளே இருக்கிறார், பார்த்துக்கொள் என்று அர்த்தம். ஆண்கள் தலைப்பாகை கட்டித்தான் அதன் முன்னால் நிற்பார்கள். ராஜா கிரீடம் வைத்ததுபோல நிமிர்ந்து நிற்கவேண்டும், யாருக்கும் கூனிக்குறுகவேண்டாம் என்பதற்காக. பிறந்ததிலிருந்து கண்ணாடியைக் கும்பிட்டு வளர்ந்தவள் நான். அதே நான் கண்ணாடியைத் துண்டால் மூடினேன். அன்றைக்கு என் நெஞ்சு பட்ட பாடு அய்யாவுக்குத்தான் தெரியும்.

அப்போதுதான் மைனி வந்தார்கள். என் வீட்டுக்காரரின் அக்கா. எங்கள் எல்லாரையும்விட பக்தி கூடியவர்கள். அய்யாவின் தலைமைக் கோயிலான பதியின் கிணற்றுத் தண்ணீரை ஒரு கேனில் பிடித்து, நெற்றியில் நாமம் இடும் திருமண்ணையும் பொதிந்து எடுத்துக்கொண்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே திருவனந்தபுரம் வந்துவிட்டார்கள். எங்களுக்குத் தலைவலி, வயிற்றுவலி, எது வந்தாலும் அந்தத் தண்ணீரும் மண்ணும்தான் மருந்து. காலங்காலமாக அப்படித்தான்.

வார்டு வாசலிலேயே சிஸ்டர் மறித்தார். "அம்மே, கிணத்து வெள்ளம் கொடுக்கண்டா. குட்டிக்கு ஆபத்தாணு."

மைனி என்னைப் பார்த்தார்கள். "நீ சொல்லு பிள்ளே. ஒரு மடக்கு குடுத்தா போதும்."

நான் சொன்னேன். "வேண்டாம் மைனி."

"என்னது? அய்யாவுக்க தண்ணிய வேண்டாங்கியா?"

"இப்ப குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காவ மைனி."

"டாக்டரா ஒனக்கு இந்தப் பிள்ளையத் தந்தாவ?"

வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றேன். மைனி கேனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல், அடுத்த பஸ்ஸில் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். போகும்போது சொன்ன வார்த்தை இதுதான்: "பிள்ளைக்கு ஒண்ணு வந்துதுன்னா நீயே பதில் சொல்லிக்க."

வந்தது! ரெண்டு நாள் போகவில்லை, அகிலாவுக்குக் காய்ச்சல் அடுப்பாகக் கொதித்தது. அவளைத் தனி அறைக்கு மாற்றினார்கள். அங்கேயும் முதல் வேலையாகப் பாத்ரூம் கண்ணாடியைத் துண்டால் மூடினேன். கூட ஒரு ஆள்தான் இருக்கலாம். வீட்டுக்காரர் கீழே மரத்தடியில் கிடந்தார். என்னென்னவோ மருந்து ஏற்றினார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. பிள்ளை தண்ணீர்கூட வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டாக்டரம்மா வேறு மருந்து மாற்றிவிட்டு என் தோளில் கை வைத்தார். "இது கேட்கணும். பிரார்த்திச்சோளு" என்றார்.

டாக்டரே பிரார்த்தனை பண்ணச் சொன்னால் என்ன அர்த்தம்? மைனி சொன்னது பலித்துவிட்டதோ? அய்யாவின் தண்ணீரை நான் தட்டிவிட்டதால்தான் இப்படியோ? மருந்து கொடுத்ததும் தப்பு, தண்ணீரை மறுத்ததும் தப்பு என்று இரண்டு பக்கமும் என்னையே போட்டு அடித்துக்கொண்டேன். யாரிடம் கேட்பேன்?

அன்று ஞாயிற்றுக்கிழமை. உச்சி நேரம். எங்கள் தாங்கலில் எல்லாரும் கூடி உச்சிப்படிப்பு படிக்கும் நேரம். அகிலா கண்மூடிக் கிடந்தாள். நான் பாத்ரூமுக்குள் போனேன். கண்ணாடியை மூடியிருந்த துண்டை ஒரே இழுப்பாக இழுத்தேன். எத்தனையோ நாள் கழித்து என் முகத்தைப் பார்த்தேன். கண்ணெல்லாம் குழி விழுந்து, பேய் பிடித்தவள் மாதிரி ஒருத்தி நின்றாள். கையில் இருந்த துண்டை என்ன செய்தேன் தெரியுமா? என் வீட்டுக்காரர் தாங்கலில் கட்டுவாரே, அதே மாதிரி தலையில் சுற்றிக் கட்டினேன். பெண்கள் நாங்கள் கட்டுவது வழக்கமில்லை. அன்று அதெல்லாம் தோன்றவே இல்லை.

வாய்விட்டுப் பேசினேன். "அய்யா, ஒம்ம தண்ணிய வேண்டாம்னு சொன்னேன். ஒம்ம வேண்டாம்னு சொல்லல்ல. நீரு காணிக்கை வாங்காதவரு. ஒமக்கு என்ன நேருவேன்? மொட்ட போடுகேன்னு சொல்லலாம்னா, எம்பிள்ள மொட்டையாத்தான் கெடக்கு. எனக்கு அவ வேணும். நீரு எனக்குள்ள உண்டுன்னா இப்ப எந்திரியும். எந்திரியும்!" சத்தம் போட்டு அழுதேன். கண்ணாடி முழுக்க என் மூச்சுப் பட்டு மங்கிவிட்டது.

"அம்மா…"

திரும்பினேன். கட்டிலில் அகிலா கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆருட்ட பேசுக?"

"அய்யாட்ட மக்கா."

"பாத்ரூம்லயா?"

ஐயோ என் தங்கமே! அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். "அய்யா எல்லா எடத்துலயும் உண்டு மக்கா."

"தலையில அப்பாக்க தலப்பா கெட்டியிருக்க?"

"ஆமா."

"எனக்கும் கெட்டிவிடு."

பையில் வெந்நீரில் அலசிக் காயவைத்த சின்னத் துண்டு ஒன்று இருந்தது. அதை எடுத்துக் கட்டினேன். "நாமம்?" என்று நெற்றியைக் காட்டினாள். திருமண்ணுக்கு எங்கே போவேன்? என் முகப் பவுடரைக் கொஞ்சம் குழைத்து நெற்றியில் இழுத்துவிட்டேன். ஒரு கையில் பிள்ளை, இன்னொரு கையில் டிரிப்ஸ் ஸ்டாண்டு. உருட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் போனேன். பயந்து முகத்தைப் புதைத்துக்கொள்வாளோ என்று அவளையே பார்த்தேன்.

பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். "அம்மா, நான் அப்பா மாதிரி இருக்கேன் பாத்தியா" என்றாள். பிறகு கண்ணாடியில் தெரிந்த தன்னையே பார்த்து, காய்ந்துபோன உதட்டால், "அய்யா உண்டு" என்றாள்.

அந்நேரம் சிஸ்டர் உள்ளே வந்தார். தலைப்பாகையோடு எங்கள் ரெண்டு பேரையும் பார்த்துத் திகைத்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இதாரா, ராஜாவோ?" என்றார். அகிலா அவரைப் பார்த்து, "கஞ்சி வேணும்" என்றாள். அரிசியும் சிறுபயறும் போட்டுத் தாங்கலில் காய்ச்சிக் கொடுப்பார்களே, அந்தக் கஞ்சி! வீட்டுக்காரரைப் போனில் கூப்பிட்டேன். அழுகைதான் வந்தது, பேச்சு வரவில்லை. அவர் பயந்து செருப்பில்லாமல் மாடிப்படி ஏறி ஓடி வந்துவிட்டார். கஞ்சிக்குத்தான் கூப்பிட்டேன் என்று தெரிந்ததும் வராந்தாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் காய்ச்சல் இறங்க ஆரம்பித்தது. மறுநாள் காலையில் நெற்றி குளிர்ந்திருந்தது. நான் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். டாக்டரம்மா முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். மாற்றிய மருந்து வேலை செய்துவிட்டது என்றார். அன்றைக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் கொடுக்காமல் இருந்தாயே, நல்ல காரியம் செய்தாய் என்றும் சொன்னார். என் நெஞ்சில் கிடந்த பாறாங்கல் அங்கேயே விழுந்தது. அந்த மருந்தை மாற்றத் தோன்றவைத்தது யார், "வேண்டாம் மைனி" என்று என் வாயில் வந்து நின்றது யார் என்று எனக்குத் தெரியும்.

மைனிக்குப் போன் செய்தேன். எடுத்ததுமே அழுதார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை உச்சிக்குத் தாங்கலில் கண்ணாடி முன்னால் நின்று, "நான் வாய்விட்டத எடுத்துக்கிடாதயும் அய்யா" என்று கதறியிருக்கிறார்கள். நான் இங்கே, அவர்கள் அங்கே! அடுத்த வாரமே மறுபடியும் வந்தார்கள். கையில் கேன் இல்லை, ஃபிளாஸ்க். சிஸ்டரிடம் கேட்டு, அதே கிணற்றுத் தண்ணீரை வடிகட்டி, தளதளவென்று கொதிக்க வைத்து ஆற்றிக் கொண்டுவந்திருந்தார்கள்.

"இப்படிக் குடுக்கலாமா மைனி?" என்று நானே தயங்கினேன்.

"கொதிக்க வச்சா அய்யா ஓடிருவாரா பிள்ளே?" என்றார்கள்.

அதன் பிறகு எங்கள் வீட்டுக்குக் காவல் மைனிதான். ஊருக்கு வந்தால் வாசலில் சோப்போடு நிற்பார்கள். பார்க்க வரும் சொந்தக்காரர்களை, "ஏலே, கையக் கழுவிட்டு வா! தும்மினா அப்படியே திரும்பிப் போ!" என்று ஒரே விரட்டு.

மஜ்ஜை எடுத்துப் பார்த்ததில் கெட்ட அணு இல்லை என்று வந்தது. ஆனாலும் மருந்து வருஷக்கணக்கில் தொடர்ந்தது. எத்தனை ஊசி, எத்தனை வாந்தி, எத்தனை பஸ்! ஒரு தடவைகூட விடவில்லை. போன மாதம் டாக்டரம்மா மருந்தை நிறுத்திவிட்டார். பரிசோதனைக்கு மட்டும் வந்தால் போதுமாம். மக்களே, எங்கள் பிள்ளை கெலித்துவிட்டாள்!

அடுத்த ஞாயிறே தாங்கலுக்குப் போனோம். சுருட்டை சுருட்டையாக முடி வந்திருந்தும் தலைப்பாகை கட்டினால்தான் வருவேன் என்று அகிலா அடம். அதே சின்னத் துண்டு. யாரோ ஒருவர், "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குத் தலப்பா?" என்று முணுமுணுத்தார். மைனி விட்டார்களா? "அவளுக்கு உண்டு. நீரு ஒம்ம தலைய நேரே கெட்டும்!" என்றார்கள். அவருடைய துண்டு அவிழ்ந்து காதில் தொங்கிக்கொண்டிருந்தது.

அகிலா பள்ளியறைக் கண்ணாடி முன்னால் போய் நின்றாள். ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு தன் கையாலேயே தலைப்பாகையை அவிழ்த்தாள். தலையைக் குனிந்து கண்ணாடியிடம் காட்டினாள்.

"அய்யா, பாத்தீரா? முடி வந்துட்டு!"

தாங்கலே அதிர "அரகரா" என்றார்கள். என் வீட்டுக்காரர் அழுதார், மைனி அழுதார்கள். முணுமுணுத்தவரும் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை இப்படிக் கிடக்கிறதா? டாக்டர் சொல்லும் மருந்தை விடாதீர்கள். தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். கண்ணாடியை மட்டும் மூடிவிடாதீர்கள். அது ஆஸ்பத்திரிக் கண்ணாடியாக இருந்தாலும் சரி, முன்னால் போய் நிமிர்ந்து நின்று கேளுங்கள். அய்யா உண்டு. தலையில் கட்டத் துண்டு வேண்டுமானால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள், அகிலா தன் துண்டைத் தருவாள். ஆனால் முடி வளர்ந்ததும் நேரில் வந்து காட்டிவிட்டுத் திருப்பித் தரணுமாம்.