சீன ரயிலில் போட்ட துண்டு

நின்றுகொண்டு போகிறவரிடமும் உட்கார்ந்து போகிறவரிடமும் ஒரே கட்டணம் வாங்கும் அநியாயத்தை நான் முதன்முதலில் பார்த்தது சீனாவில். அப்போது ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்கா அங்கே டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துவர அம்மாவும் பெரியமாமாவும் நானும் தேனியிலிருந்து போயிருந்தோம். விமானம் இறங்கிய ஊரிலிருந்து அவள் கல்லூரிக்கு ஒரு பகல் முழுக்க ரயில் பயணம். புல்லட் ரயிலில் போகப்போகிறேன் என்று வகுப்பில் எல்லோரிடமும் அளந்துவிட்டு வந்திருந்தேன். வந்து நின்றதோ பழைய பச்சை ரயில். அவர்களுடைய புத்தாண்டு நெருங்கியிருந்ததால் நாடே மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போனது. எங்களைக் கூட்டிப்போக வந்திருந்த அக்கா எடுத்திருந்தது இருப்பதிலேயே கீழ் வகுப்பு. அதன் பெயரே ‘கடின இருக்கை’. அந்த இருக்கையும் தீர்ந்துபோய், எங்களுக்குக் கிடைத்த நாலும் அதே பெட்டியில் நின்றுகொண்டு போகும் டிக்கெட்.

விமானத்தில் உட்கார்ந்து வந்ததிலேயே அம்மாவின் கால்கள் வீங்கியிருந்தன. அதைப் பார்த்த மாமா, “எடத்தப் பத்தி நீ கவலப்படாத ஆத்தா, நான் எதுக்கு இருக்கேன்?” என்று அக்காவிடம் சொன்னார். மாமாவுக்கு ஆண்டிபட்டியில் சேலை வியாபாரம். மதுரை பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. துண்டு கிடக்கும் இடத்தில் எங்கள் பக்கம் யாரும் உட்கார மாட்டார்கள்.

கதவு திறந்ததும் மாமா முண்டியடித்து ஏறினார். மூன்று பேர் உட்காரும் இருக்கையில் ஜன்னலோரமாகத் துண்டை விரித்து, அம்மாவை உட்காரவைத்தார். செங்குத்தான சாய்மானம், முட்டியோடு முட்டி இடிக்கும் எதிர் இருக்கை. ஆனாலும் அம்மா நிம்மதியாக மூச்சுவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் சாமான் அடைத்த பெயிண்ட் வாளி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒரு ஆள் வந்தார். தன் டிக்கெட்டையும் சுவரில் இருந்த எண்ணையும் மாறிமாறிக் காட்டினார். மாமா துண்டின் நுனியைத் தூக்கிக் காட்டினார். அம்மாவோ, “அங்கன எடம் இருக்கும், போய்ப் பாருப்பா” என்று அன்பாகத் தமிழில் வழிகாட்டினாள்.

பெட்டிகளோடு பின்னால் வந்த அக்கா ஒரே பார்வையில் விஷயத்தைப் புரிந்துகொண்டாள். அவரிடம் சீன மொழியில் ஏதோ சொல்லித் தலையைத் தாழ்த்தினாள். பிறகு, “அம்மா, எந்திரி. அது அவர் சீட்டு” என்றாள்.

“நம்மளும் அதே காசுதான கொடுத்தோம்?” என்றார் மாமா.

“ஆமா மாமா. நிக்கிறதுக்கும் அதே காசுதான்.”

“துண்டு போட்ட எடத்துல வந்து உக்கார்றாகளே, இது என்ன ஊரு?”

அக்கா துண்டை உதறி மடித்து அவர் தோளில் போட்டாள். அம்மா எழுந்தாள். யாரோ ஒருவருக்காகப் பெற்ற தாயை எழுப்பிவிட்டவளை நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பெட்டியின் கோடியில், வெந்நீர் பிடிக்கும் இடத்துக்குப் பக்கத்துச் சுவரோரம் எங்களைக் கூட்டிப்போனாள். நூடுல்ஸ் டப்பாவோடு வருகிறவர்கள் யாரும் அந்த மூலையில் இடிக்கவில்லை. தன் பையைத் திறந்து, மடக்கியிருந்த குட்டி ஸ்டூல் ஒன்றை எடுத்து விரித்தாள். அதன் ஒரு காலில் பசைநாடா பலமுறை சுற்றப்பட்டிருந்தது. உட்காரும் துணி நடுவில் நைந்து தொங்கியது.

“இது யாருது?” என்று கேட்டாள் அம்மா.

“என்னுதுதான்மா. மொத வருசமே வாங்கிட்டேன். உக்காரு.”

ஒவ்வொரு முறை ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பும்போதும், ஜன்னலோர சீட்டு கிடைத்துவிட்டது, தூங்கிக்கொண்டே போகிறேன் என்றுதான் அக்கா போனில் சொல்வாள். அம்மா அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

அம்மாவைக் கால் வலியில் அழவிட்டாள் என்று ஊருக்குத் திரும்பியதும் தெரு முழுக்கச் சொல்லி அக்காவின் மானத்தை வாங்கினேன். அதன்பிறகு அவள் போனில், “எல்லாம் வசதியா இருக்கும்மா” என்று ஆரம்பித்தாலே அம்மா பேசாமல் போனை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அம்மாவுக்கும் என்னைப் போலவே கோபம் இன்னும் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.