காளைகளும் காலைகளும்

செங் டவுன்ல ஃபேக்டரி வேலை, வாடகை ரூம், ஞாயித்துக்கிழமை லீவு. லீவு நாள்ல என்கூடப் பேச ஒரு ஆள் கிடையாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமெல்லாம் இல்லை. அதனாலதான் போன மாசம் பழைய கேம் மிஷினைத் தேடி எடுத்தேன். கைக்குள்ள அடங்குற சின்ன மிஷின், உள்ளே ஒரே ஒரு கால்பந்து கேம். ரப்பர் தோட்டத்துல குடியிருந்தப்போ நானும் என் கூட்டாளியும் மாத்தி மாத்தி ஆடி அதோட பட்டனெல்லாம் தேஞ்சு போச்சு.

எங்க தோட்டத்து டீமை அந்தக் கேமுக்குள்ள கொண்டுவரணும்னு கிறுக்குப் பிடிச்சது. கேம்ல ஜெர்சிங்கிறது வெறும் படம்தான், டெக்ஸ்சர்னு சொல்வாங்க. தையலைப் பிரிச்சுப் பாயில போட்ட சட்டை மாதிரி நெஞ்சு, முதுகு, கை எல்லாம் தனித்தனியாக் கிடக்கும். அதை கம்ப்யூட்டர்ல வெளியே எடுத்து, வேற கலர் அடிச்சு, திரும்ப உள்ளே போடணும். அளவு கொஞ்சம் மாறினாலும் சனியன் பிடிச்ச கேம் அப்படியே நின்னுடும். மூணு ஞாயிறு அதுக்கே போச்சு. மஞ்சள் சட்டை, கறுப்பு காலர், நெஞ்சுல 'காளைகள்'. கூட்டாளி கையில கேப்டன் பட்டை. அது ஓடினப்போ நானே கைதட்டிக்கிட்டேன், வேற யாரு இருக்கா?

படம் பிடிச்சு அவனுக்கு அனுப்பினேன். அவன் கடலோரம் உம்பாய்ங்கிற ஊர்ல, மாமனாரோட சாப்பாட்டுக் கடையில மீன் சுடுறான். காரெடுத்தா அரை மணி நேரம். நான் ஆறு வருஷமாப் போகலை.

மூணு நாள் கழிச்சுப் பதில் வந்தது. "யாரு டீமுடா இது? நம்ம ஜெர்சி இப்படியா இருந்துச்சு?"

கோபம் பொத்துக்கிட்டு வந்தது. கண்ணு கெட்டுப்போச்சான்னு திட்டத்தான் போனேன். அப்புறம்தான் உறைச்சது. எங்க ஜெர்சியில இருந்தது 'காலைகள்'.

துண்டுத்தாள்ல பேரை எழுதினது நான். லகரமும் ளகரமும் என் வாயில எப்பவும் ஒண்ணுதான். அந்தத் தாளை மஸ்ஜித் தானா டவுன்ல ஜெர்சி அடிக்கிற கடைக்குக் கொண்டுபோனது அவன். கடைக்கார மலாய்க்காரருக்குத் தமிழ் தெரியாது, பாவம், இருந்ததை இருந்தபடியே அடிச்சுக் கொடுத்துட்டார்.

போட்டி அன்னிக்கு எதிர் டீம்காரனுங்க பாடாங்கே, மைதானம் முழுக்கக் கேக்குற மாதிரி கத்தினானுங்க. "என்னலா, காலையில மட்டும்தான் ஆடுவீங்களா?" எங்க டீம் பெரிய ஆளுங்களுக்கு மானம் போச்சு. "எவன்டா எழுதினது?" தாளைக் கொண்டுபோனவன்னு எல்லாரும் அவனையே பார்த்தாங்க. அவன் என்னைப் பார்த்தான். நான் குனிஞ்சு பூட் கயிறு கட்டினேன்.

"நான்தான்"னு அவன் சொன்னான். கேப்டன் பட்டையை அங்கேயே கழட்டி வாங்கிட்டாங்க. அந்த ஆட்டத்துக்கு அப்புறம் அவன் பாடாங் பக்கமே வரலை. எனக்கு அவன் மூஞ்சில முழிக்கத் தைரியம் வரலை.

போன ஞாயிறு மறுபடியும் டெக்ஸ்சரைத் திறந்து, 'ளை'யை அழிச்சுட்டு 'லை' போட்டேன். பத்து நிமிஷ வேலை. படத்தோட "எழுதினது நான்தான்டா"ன்னும் அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது.

"தெரியும்லா, தாளு என் கையிலதானே இருந்துச்சு. நீ சொல்லுவேன்னு அன்னிக்கு ஆட்டம் முடியிற வரைக்கும் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

இன்னிக்கும் ஞாயிறு. பதிலை எழுதி எழுதி அழிச்சுக்கிட்டு இருக்கேன். எழுத்துப்பிழை ஒண்ணும் இல்லை, எழுதத்தான் வரலை.