உப்புக் குறைந்த மாமனார்

என் நோய் செருப்பில் தொடங்கியது. ஒருநாள் காலை கடைக்குக் கிளம்பும்போது இடது செருப்பு காலில் நிற்கவில்லை. நாலு எட்டு வைத்தால் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. யாரோ என் செருப்பை மாற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். எங்கள் வாசலில் எந்நேரமும் ஏழெட்டு ஜோடி கிடக்கும், பாதிக்கு மேல் வெளியூர்க்காரர்களுடையது. எவனோ புதுசு என்று நினைத்துப் போட்டுக்கொண்டு போயிருப்பான், விளங்காத பயல் என்று திட்டிக்கொண்டே வெறுங்காலோடு கடைக்குப் போனேன். வெறுங்காலும் அதே பக்கம்தான் இழுத்தது. அதை நான் கவனிக்கவில்லை.

எங்கள் வீடு கொடைக்கானலை ஒட்டிய செண்பகனூரில், சாலையிலிருந்து கொஞ்சம் கீழே இறங்கினால் வரும். மாடியில் மூன்று அறைகள். இரண்டை என் மகன் முருகேசன் சுற்றுலா வருகிறவர்களுக்கு விடுகிறான். மூன்றாவது அறையில் நான் இருந்தேன். மனைவி இறந்து சில வருடங்கள் ஆகின்றன. சமையல், விருந்தாளிகள், நான் என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது மருமகள் செல்வி.

நான் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பெரும்பாலும் வத்தலக்குண்டு, கொடைக்கானல் மலைப்பாதைதான். சந்தேகப்படுவது என் தொழில். டிக்கெட் எடுக்காமல் மடியில் கிடத்திச் சேலைத் தலைப்பால் மூடிய ‘கைக்குழந்தை’யின் கால் சீட்டுக்கு வெளியே ஒரு முழம் நீண்டிருக்கும். “என்ன கிளாசு கண்ணு படிக்கிற?” என்று பாசமாகக் கேட்பேன். தாய் வாயைத் திறப்பதற்குள் “மூணாப்பு” என்று பிள்ளையே சொல்லிவிடும். இப்படியே காலம் தள்ளியவனுக்கு வீட்டில் ஏதோ நடக்கிறது என்று தோன்றினால், அது நோய் என்று எப்படித் தெரியும்?

உங்கள் வீட்டுப் பெரியவர் திடீரென்று ஒருநாள் ‘சோத்துல என்னத்தையோ கலக்குறாங்க’ என்று சொல்ல ஆரம்பித்தால், வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துப் பாருங்கள். அந்தப் பெரியவராக இருந்து பார்த்தவன் சொல்கிறேன்.

செருப்பு இழுத்ததற்குச் சில மாதங்களுக்கு முன் எனக்கு ரத்தக் கொதிப்பு கூடியிருந்தது. டாக்டர் ஒரு நீர் மாத்திரையைச் (உடம்பில் தங்கும் நீரையும் உப்பையும் சிறுநீர் வழியாக இறக்கிவிடும் மருந்து) சேர்த்தார். சாப்பாட்டில் உப்பைக் குறைக்கச் சொன்னார். எல்லோருக்கும் சொல்வதுதான். செல்வி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து எனக்குத் தனிக் குழம்பு, தனிப் பொரியல். விருந்தாளிகளுக்குப் போகிற கோழி வறுவல் தெருவையே கூப்பிடும். எனக்கு வருகிற தட்டில் மணமும் கிடையாது, ருசியும் கிடையாது.

விருந்தாளிகள் மேல் எனக்கு ஏற்கெனவே எரிச்சல் உண்டு. முன்பெல்லாம் எட்டு மணி பஸ்ஸை விட்டு நான் வீட்டுக்கு வந்தால் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுவோம். இப்போது விருந்தாளிகள் தீ மூட்டி, ஆடி முடித்துத் தூங்கப் போன பிறகுதான் முருகேசனுக்குச் சோறு. வந்தவர்கள் பெங்களூருக்குத் திரும்பிப் போய் போனில் எங்கள் வீட்டுக்கு நட்சத்திரம் போடுவார்களாம். அந்த நட்சத்திரத்துக்காக என் மகன் அவர்களிடம் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பான். என்னிடம் பேசும்போது அந்தப் பல்லில் ஒன்றுகூடத் தெரியாது.

ஒரு சாயங்காலம் மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். கீழே முருகேசன் போனில் பேசிக்கொண்டிருந்தான். விருந்தாளிகளின் பாட்டுச் சத்தத்தில் அரைகுறையாகத்தான் காதில் விழுந்தது. “அப்பா... ஹோம்ல சேத்துரலாம். மாடி ஏறி எறங்க அவரால முடியல. நேராச் சொன்னா ஒத்துக்க மாட்டாரு. மெதுவாத்தான் சொல்லணும்.”

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்னோடு பல வருடம் வண்டி ஓட்டிய டிரைவர் ஒருவரை அவர் பிள்ளைகள் மதுரைப் பக்கம் ஒரு ஹோமில் விட்டிருந்தார்கள். பார்க்கப் போயிருந்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கண்டதும் சட்டையைத் தேடினார். “வண்டி எத்தன மணிக்குண்ணே?” என்று கேட்டார். அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. நமக்கு இது வந்துவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டு ஊர் திரும்பியது ஞாபகம் இருக்கிறது.

அதன் பிறகு எதைப் பார்த்தாலும் அதற்கான ஏற்பாடாகவே தெரிந்தது. செல்வி என் போர்வையைத் துவைத்தால், ஏன் இப்போது துவைக்கிறாள்? முருகேசன் டாக்டரிடம் தனியாகப் பேசினால், என்ன பேசுகிறான்? தலை எப்போதும் கனத்துக் கிடந்தது. குமட்டியது. அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். சாப்பாட்டில் எதையோ கலந்து என்னை மந்தமாக்குகிறார்கள், மந்தமானவனைக் கொண்டுபோய் விடுவது சுலபம்.

அவள் சமைத்ததைத் தொடுவதை நிறுத்தினேன். சாலையோர டீக்கடையில் பன்னும் கடுங்காப்பியும்தான் சாப்பாடு. பசித்தால் தண்ணீர் குடிப்பேன், சொம்பு சொம்பாக. மாத்திரையை மட்டும் ஒருவேளைகூட விடவில்லை. அது டாக்டர் கொடுத்தது. உலகத்தில் அவர் ஒருவரைத்தான் அப்போது நம்பினேன்.

“மாமா, மூணு நாளா சோறு அப்பிடியே கெடக்கு. எம்மேல என்ன கோவம்?” என்று செல்வி வந்து நின்றாள்.

“நீ சாப்பிட்டுப் பாரு மொதல்ல.”

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு என் தட்டிலிருந்தே ஒரு பெரிய கவளம் எடுத்துச் சாப்பிட்டாள். கண்ணில் நீர் நின்றது. சாப்பிட்டுக் காட்டுகிறாளே, கெட்டிக்காரி, என்று நினைத்தேன். அந்த நாட்களில் எனக்கு யார் எதை நிரூபித்தாலும் சந்தேகம் கூடத்தான் செய்தது.

ஒருநாள் காலையில் சட்டையின் கைக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தேனாம். எனக்கு அது நினைவில்லை. ஊருக்குள் டாக்டரிடம் கொண்டுபோனார்கள். ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்ததும் உடனே மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். செல்வி வீட்டுக்கு ஓடிப் பை எடுத்துவந்தாள். நான் பையைத் திறந்து பார்த்தேன். நாலு வேட்டி, சவரப் பெட்டி, ஸ்வெட்டர். ஆஸ்பத்திரிக்குப் போகிறவனுக்கு நாலு வேட்டி எதற்கு? மதுரையில் எவன் ஸ்வெட்டர் போடுகிறான்?

வாடகைக் கார் பெருமாள்மலையைத் தாண்டியது. அந்தப் பாதையின் ஒவ்வொரு வளைவும் எனக்கு மனப்பாடம். வண்டி மெதுவாகும் ஒரு வளைவுக்காகக் காத்திருந்து, இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தேன். பஸ்ஸில் ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் போ. ஓட்டுநரும் ஒரு காலத்தில் பஸ் ஓட்டியவரோ என்னவோ, படக்கென்று பிரேக்கை மிதித்துவிட்டார். கதவைத் திறந்து இறங்கினேன். கால்கள் என்னோடு வரவில்லை. சாலையோரத்தில் முகம் குப்புற விழுந்தேன்.

“அப்பா! என்னப்பா பண்றீங்க?”

“ஏலே, என்னைய எந்த ஹோம்ல விடப் போற? சொல்லிட்டுக் கூட்டிட்டுப் போடா. நானே நடந்து வாரேன்.”

முருகேசன் அப்படியே சாலையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். நன்றாக நடிக்கிறான் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

மதுரையில் என்னைப் பார்த்த டாக்டர் ஓர் இளம்பெண். “ஐயா, இன்னிக்கு என்ன கிழமை?” என்று கேட்டார்.

“அதுகூடத் தெரியாமலா டாக்டராகியிருக்கீங்க?” என்றேன். கிழமை எனக்குத் தெரியவில்லை என்பதை அவரிடம் காட்டக் கூடாது அல்லவா?

எனக்கு வந்திருந்தது சோடியம் குறைவு (ரத்தத்தில் இருக்க வேண்டிய உப்புச் சத்து இறங்கிப்போவது). நூற்று முப்பத்தைந்துக்கு மேல் இருக்க வேண்டிய அளவு எனக்கு நூற்றுப் பதினான்கில் இருந்தது. உப்பு இறங்கினால் மூளையின் செல்கள் நீர் கோத்து வீங்குமாம். நடை தடுமாறும், குமட்டும், குழப்பம் வரும். சிலருக்குச் சந்தேகமும் வரும். வயதானவர்களுக்கு நீர் மாத்திரையால் இப்படி நேர்வது உண்டு என்றார். அதோடு நான் நல்ல சோற்றை விட்டுப் பன்னையும் தண்ணீரையும் பிடித்துக்கொண்டதில் இருந்த உப்பும் கரைந்துபோயிருக்கிறது. என்னைக் காப்பாற்றிக்கொள்வதாக நினைத்து நான் செய்ததுதான் என்னைப் படுக்க வைத்திருக்கிறது.

“உப்புதான கொறஞ்சிருக்கு? ரெண்டு கைப்பிடி அள்ளிக் குடுத்தா சரியாப் போகாதா?” என்று முருகேசன் கேட்டானாம்.

“வெரசா ஏத்துனா மூளைக்கே ஆபத்துங்க. சொட்டு சொட்டா, மெதுவாத்தான் ஏத்தணும்,” என்றாராம் டாக்டர்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் பகலும் இல்லை, இரவும் இல்லை. ஒரே வெள்ளை விளக்கு. நீர் மாத்திரையை நிறுத்தினார்கள். குடிக்கும் தண்ணீருக்கும் அளவு வைத்தார்கள். நாக்கு வறண்டு கெஞ்சினாலும் செல்வி தர மாட்டாள். கொல்லப் பார்க்கிறாள் என்று நர்ஸிடம் புகார் செய்தேன். அந்த நர்ஸ் அதைச் செல்வியிடமே சொல்லிச் சிரித்திருக்கிறார். செல்வி சிரிக்கவில்லையாம்.

பிறகு ஒரு காலையில் கண் விழித்தபோது தலைக்குள் இரைச்சல் இல்லை. செல்வி நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். கையில் அளவு டம்ளர். அவளைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். இவள் ஏன் என்னைக் கொல்ல வேண்டும் என்று முதல் முறையாக யோசித்தேன். ஒரு காரணமும் அகப்படவில்லை. வெட்கமாக இருந்தது. முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

வார்டுக்கு மாற்றிய பிறகு முருகேசனிடம் கேட்டேன். “அன்னிக்குப் போன்ல ஹோம்ல சேத்துரலாம்னு சொன்னியே?”

அவன் முழித்தான். பிறகு தலையில் அடித்துக்கொண்டான். “நம்ம ஹோமுப்பா! ஹோம்ஸ்டே! அப்பா ரூமையும் நம்ம ஹோம்ல சேத்துரலாம்னு ரூம் புக் பண்ற ஆப்புக்காரன்கிட்டச் சொன்னேன்.”

கொடைக்கானலில் அறை விடுகிறவர்கள் அதை ‘ஹோம்’ என்றே சுருக்கிச் சொல்கிறார்கள். என் வயதுக்காரர்களுக்கு ஹோம் என்றால் ஒரே அர்த்தம்தான். ஒரு வீட்டுக்குள்ளேயே ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. உப்பு ஏறியிருந்தாலும் கண்டக்டர் புத்தி போகுமா?

“அப்ப, என் ரூமு வேணும்னு நெனச்சது நெசந்தான?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “நெசந்தாம்ப்பா. உங்களுக்கும் படி ஏற முடியல, கீழ் ரூமு வசதியா இருக்குமேன்னு...”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாடா?”

“கேட்டா வருத்தப்படுவீங்கன்னு...”

“கேக்காம இருந்ததுல ரொம்பச் சந்தோசமா இருக்கேன் பாரு. இந்தா, கையில ஊசியோட.”

அவன் என் காலைப் பிடித்துக்கொண்டான். நானும் அழுதேன். டாக்டர் சொன்னதில் எனக்குச் சம்மதம் இல்லாத ஒரே இடம் இதுதான். என் சந்தேகம் முழுவதும் உப்பால் வந்தது இல்லை. நம்மிடம் மறைத்துப் பேசுகிறார்கள் என்று நமக்குத் தோன்றுமே, அது பல வீடுகளில் உண்மைதான். நம் நன்மைக்காகத்தான் மறைக்கிறார்கள். பிள்ளைகள் இதைப் படித்தால், வருத்தப்பட்டாலும் பரவாயில்லை, பெரியவர்களிடம் கேட்டுவிடுங்கள்.

வீடு திரும்பியதும் நானாகவே கீழ் அறைக்கு வந்துவிட்டேன். மாடி ஏற இனி கால் இடம் கொடுக்காது. என் அறையில் இப்போது வாரத்துக்கொரு தேனிலவு ஜோடி தங்குகிறது. மனைவி இருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று நினைத்தால் சிரிப்பும் வருகிறது, சங்கடமாகவும் இருக்கிறது.

உடம்பு பழையபடி ஆகிவிட்டதா என்று கேட்கிறார்கள். நடை வந்துவிட்டது. ஆனால் முன்பு ஒரு எண்ணம் வந்தால் அது என் எண்ணம் என்று இருந்தேன். இப்போது, இது நான் நினைப்பதா, உப்பு நினைப்பதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. நாட்களைக்கூட நான் கிழமையால் எண்ணுவதில்லை. போன பரிசோதனைக்குப் பிறகு, அடுத்த பரிசோதனைக்கு முன் என்றுதான் காலம் ஓடுகிறது.

செல்வி அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். தினமும் காலையில் வெள்ளனே காப்பியோடு வந்து கேட்பாள். “என்ன மாமா, இன்னிக்கு நான் நல்லவளா, கெட்டவளா?”

“நல்லவதான் போ. காப்பியில சீனியத்தான் காணோம்,” என்பேன்.

“அப்ப சோடியம் சரியா இருக்கு,” என்று சிரித்துக்கொண்டே போய்விடுவாள். இருவருக்கும் அது விளையாட்டாகிவிட்டது.

போன மழைக்காலத்தில் எனக்கு வயிற்றுப்போக்கு வந்து வெறும் கஞ்சித் தண்ணீரில் கிடந்தேன். நின்றுவிட்டது என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தபோது ஒரு காலை அவள் காப்பி கொண்டுவந்தாள். அதே கேள்வியைக் கேட்டாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். அந்தச் சிரிப்பு சரியாக இல்லை. காப்பியில் ஏதோ வாடை. வாசல் பக்கம் முருகேசன் யாருடனோ கிசுகிசுவென்று பேசிக்கொண்டிருந்தான். எல்லாம் தெளிவாகப் புரிந்தது. வாயைத் திறக்காதே, காட்டிக்கொள்ளாதே என்று உள்ளே ஒருவன் சொன்னான்.

வாயைத் திறந்தேன். “கெட்டவ மாதிரிதாம்மா தெரியுது,” என்றேன்.

அவள் முகம் மாறியது. டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். “என்னங்க, வண்டிக்குச் சொல்லுங்க, வெரசா!” என்று வாசலைப் பார்த்துக் கத்தினாள். எனக்கு அவளே சட்டை மாட்டிவிட்டாள்.

“எங்க கூட்டிட்டுப் போறீங்க?”

“ஆசுபத்திரிக்கு மாமா.”

நம்பவில்லை. வழி நெடுக அவளையும் சாலையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தேன். வண்டி நின்றதும் அவள் முதலில் இறங்கிக் கையை நீட்டினாள். அப்போதும் நம்பவில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன்.