வெர்லின் ஜேடனின் மாற்று எஞ்சின்

வெர்லின் ஜேடன் பெட்ரோல் போட்டு அந்த ஊரில் இருபத்திரண்டு வருடமாக யாரும் பார்த்ததில்லை. சோளத்திலிருந்து எரிபொருள் எடுக்கும் எத்தனால் ஆலை வந்தபோது முதலில் பங்கு வாங்கிய சோள விவசாயிகளில் அவரும் ஒருவர். பெட்ரோல், எத்தனால் இரண்டையும் ஏற்கும் ஃப்ளெக்ஸ் எஞ்சின் வைத்த பிக்கப் வண்டியை வாங்கினார். ஆனால் மஞ்சள் கைப்பிடிக் குழாயில் வரும் எத்தனாலைத் தவிர வேறெதையும் அதில் ஊற்றியதில்லை. தன் வயலில் விளைந்ததில் தன் வண்டி ஓடுகிறது என்ற நினைப்பு, எழுபத்தொரு வயதிலும் அவரை நிமிர்ந்து உட்காரவைத்தது.

ஜனவரியில் அந்த எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. மனைவி ஆர்டிஸுக்கு வாரம் மூன்று நாள் வாட்டர்லூ நகர ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். நிலத்தைக் குத்தகைக்கு விட்டபிறகு வீட்டில் வேறு வண்டி இல்லை. மெக்கானிக் லோவெல், மான் மோதி நொறுங்கிய ஒரு பிக்கப்பிலிருந்து சாதாரண எஞ்சினைக் கழற்றி வந்து நாலே நாளில் மாட்டிக்கொடுத்தார்.

“எஞ்சினோட கம்ப்யூட்டரையும் மாத்திட்டேன். இனிமே பெட்ரோல் மட்டும்தான். காதுல விழுதா?”

“காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு.”

புதன்கிழமை காலை, டயாலிசிஸுக்குப் போகும் வழியில், ஆர்டிஸை வண்டியிலேயே விட்டுவிட்டுக் கூட்டுறவுப் பெட்ரோல் பங்க்கில் இறங்கினார். டாங்க் கிட்டத்தட்டக் காலி. பக்கத்தில் டெல்மர், அவரோடு ஆலையில் பங்கு வாங்கியவர், தன் வண்டிக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்.

“என்ன வெர்லின், புது எஞ்சினுக்குச் சோளம் செரிக்காதாமே? இனி நீயும் அரபு எண்ணெய்தானா?”

“எவன் சொன்னான்?”

வெர்லினின் கை மஞ்சள் கைப்பிடியைப் பிடித்திருந்தது. ஒரு தடவைக்கு என்ன ஆகிவிடப்போகிறது? டாங்க் நிறைந்தது.

வழியில் எஞ்சின் இரண்டுமுறை விக்கியது. ஆரஞ்சு எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஆர்டிஸ் அதைப் பார்த்தாள்.

நாலு மணிநேரம் கழித்து, ஆஸ்பத்திரி வாசலில், உறைகுளிரில், சாவியைத் திருப்பத் திருப்ப எஞ்சின் சுற்றியதே தவிரப் பற்றவில்லை. டயாலிசிஸ் முடிந்தால் ஆர்டிஸுக்கு எப்போதும் உடம்பு நடுங்கும். அன்று பற்கள் கிட்டிக்கொண்டன. அவர் தன் கோட்டையும் கழற்றிப் போர்த்தினார். போதவில்லை. கடைசியில் நர்ஸ் ஒருத்தி சக்கர நாற்காலியோடு ஓடிவந்து அவளை உள்ளே கொண்டுபோனாள்.

வெர்லின் போன் செய்து ஒரு மணிநேரத்தில் லோவெல் வந்தார். ஆர்டிஸைத் தன் காரில் ஹீட்டர் பக்கமாக உட்காரவைத்துவிட்டு, பிக்கப்பின் பானெட்டைத் திறந்து வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

“எங்கயோ வயரை விட்டுட்டேன் போல. என் தப்புதான், ஆர்டிஸ். உன்னைக் குளிர்ல விறைக்க வச்சுட்டேன்.”

வெர்லின் பேசாமல் இருந்தாலே போதும். ஊரும் அதையே நம்பிவிடும். அவர் பனி உருகத் தரையில் தூவியிருந்த உப்பைப் பார்த்தபடி நின்றார்.

“வயர் இல்ல. நான்தான் எத்தனால் ஊத்துனேன்.”

லோவெல் நிமிர்ந்தார். “சொன்னேனே.”

“சொன்னே. டெல்மர் நின்னுட்டிருந்தான்.”

ஆர்டிஸ் கார் ஜன்னல் கண்ணாடியை இறக்கியிருந்தாள். குரலில் கோபமில்லை, அதைத்தான் அவரால் தாங்கமுடியவில்லை. “டெல்மருக்காகவா?”



“டாங்கை இறக்கணும், ஃபில்டர் மாத்தணும்” என்றார் லோவெல். “நாலு நாளாவது ஆகும்.”

“வெள்ளிக்கிழமை என்னை யாரு கூட்டிட்டு வருவா?”

வெர்லின் வாயைத் திறக்குமுன், “நான் வர்றேன், ஆர்டிஸ்” என்றார் லோவெல். ஆர்டிஸ் தலையசைத்தாள். கோட்டை எடுத்து ஜன்னல் வழியாக வெர்லினிடம் நீட்டினாள்.

“போட்டுக்க. இழுவை வண்டி வர நேரமாகும்.”

கார் கிளம்பிப் போய்விட்டது. கோட்டில் அவளுடைய சூடு கொஞ்சம் மிச்சமிருந்தது. அவர் அதை மாட்டிக்கொள்ளவில்லை.