பட்டைத் தண்ணீர் ஊற்றிய இரும்பு

ஐம்பதுகளில் ஆம்பூரில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தேன். அப்போது எனக்கு மூக்குக்கு மேல் கோபம். இரண்டு பேரின் பல்லை உடைத்தவன் என்று ஊரில் பெயர். உடைத்தது ஒன்றுதான், இன்னொன்று ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது.

தோல் பதனிடும் இடங்களுக்கு ஆவாரம்பட்டை கொண்டுவந்து போடும் காண்டிராக்டர் ஒருவர், மிலிட்டரி ஏலத்தில் எடுத்த ஜீப்பை டிரைவரோடு என்னிடம் கொண்டுவந்தார். பேரணாம்பட்டு மலைப்பாதையில் பாறைகள் அதன் அடிவயிற்றைக் கிழித்திருந்தன. அந்த ஜீப்பில் அச்சுக்கும் கீழே ஸ்பிரிங். அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் நட்டுதான் முதலில் பாறையில் இடிக்கும். அடியில் கனத்த தகடு ஒன்றை ஒட்டிவிட்டால் வண்டி பாறைமேல் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

முறையாகச் செய்வதென்றால் போல்ட்டைக் கழற்றி, ஸ்பிரிங்குக்கு அடியில் இருக்கும் இரும்பு அடிப்பலகையைத் தனியே எடுத்து, அதில்தான் தகட்டை ஒட்ட வேண்டும். ஸ்பிரிங்மேல் தீ படக் கூடாது, பட்டால் பின்னால் முறியும். அதற்கு அரை நாள் ஆகும். காண்டிராக்டர் பின்னாலேயே நின்று, வேலை தெரியாதவன் என்று வாய்க்கு வந்தபடி திட்டினார். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. எதையும் கழற்றாமல் வண்டிக்கு அடியில் படுத்து, தகட்டின் இரு நுனிகளையும் ஸ்பிரிங்கோடு சேர்த்தே ஒட்டினேன். பிறகு சிவந்த இரும்பின்மேல் ஒரு வாளி பட்டைத் தண்ணீரை, தோல் ஊறப்போடும் ஆவாரம்பட்டைச் சாற்றை, ஊற்றினேன். தோலுக்கு உரம் தருகிற தண்ணீர் இரும்புக்கும் உரம் தரும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் நம்பினோம். இரும்பு கன்னங்கரேலென்று ஆனது. எனக்குத் திருப்தியாகவே இருந்தது.

பத்து நாள் போயிருக்கும். சுமையோடு இறங்கும்போது ஜீப் கவிழ்ந்தது. டிரைவர், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவன், இடது கையில் இரண்டு விரலை இழந்தான். கட்டு அவிழ்க்குமுன்னே காண்டிராக்டர் அவனை என் பட்டறைக்கு இழுத்துவந்து, உடைந்த ஸ்பிரிங்கை என் காலடியில் போட்டார். பாறையில் ஏற்றி உடைத்துவிட்டான் என்று சொல்லிக்கொண்டே இடுப்பு பெல்ட்டைக் கழற்றி விளாசினார். கட்டுத்துணியில் ரத்தம் ஊறியது. அவன் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை.

நான் ஸ்பிரிங்கைக் குனிந்து பார்த்தேன். நான் ஒட்டிய இடத்தில், அந்தக் கறுப்புக்கு நடுவில், கண்ணாடி மாதிரி முறிந்திருந்தது. உடைத்தது பாறை இல்லை, நான்.

சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். அதற்குப் பதிலாகக் காண்டிராக்டரின் முகத்தில் குத்தினேன். விழுந்தவரை எழுப்பி மறுபடியும் குத்தினேன். பட்டறைக்கல்லில் அவர் தலையை வைத்து அழுத்தினேன். நாலு பேர் சேர்ந்துதான் என்னைப் பிரித்தார்கள். ஏழைக்காகக் கை ஓங்கியவன் என்று ஊரே பேசியது. அன்று அடித்தது கோபமே இல்லை, பயம். எங்கே யாராவது குனிந்து அந்த முறிவைப் பார்த்துவிடுவார்களோ என்கிற பயம். ஸ்பிரிங்கை அன்றே பழைய இரும்புக் குவியலில் போட்டுப் புதைத்தேன்.

டிரைவர் அதன்பிறகு வழியில் எங்கே பார்த்தாலும் எனக்குக் கும்பிடு போடுவான். ஒவ்வொரு கும்பிடும் எரிந்தது.

இரண்டு வருஷம் கழித்து வேறொரு முதலாளியின் ஜீப்போடு வந்தான். தகடு போட வேண்டும், உங்களைத் தவிர வேறு யாரையும் நம்ப மாட்டேன் என்றான். இந்த முறை போல்ட்டைக் கழற்றினேன். ஸ்பிரிங்கை இறக்கி எட்ட வைத்தேன். அடிப்பலகையில் மட்டும் தகட்டை ஒட்டி, தண்ணீர் ஊற்றாமல், தானாக ஆறட்டும் என்று விட்டேன். பக்கத்தில் குந்தியிருந்தவன் இறக்கிவைத்த ஸ்பிரிங்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"போன தபா இத்தெல்லாம் கழட்டலியேண்ணே."

நான் நிமிரவில்லை. "கழட்டல. தப்பு என்னுதுதான்."

பெரிய ஸ்பானர் அவன் கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்தது. எடுத்தான். அடிப்பான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அடிக்கட்டும் என்றுதான் இருந்தது.

அவன் வண்டிக்கு அடியில் நுழைந்து, இடது கையில் மிச்சம் இருக்கிற மூன்று விரலால் நட்டைப் பிடித்து, ஒவ்வொன்றாகத் தானே முடுக்கினான். என்னைத் தொடவிடவில்லை. அதன்பிறகு அவன் எனக்குக் கும்பிடு போட்டதில்லை.